பொட்டு வைத்த ஸ்பேனர்

ஆபீஸ் போனைப் பேசி முடித்துவிட்டு பிரசன்னா வாசலுக்கு வந்தபோது ஸ்பேனர்களைக் காணோம்.

கார் இருந்தது. பானெட் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கழற்றி வைத்த பேட்டரி படியோரம் உட்கார்ந்திருந்தது. எஞ்சினிலிருந்து பிடுங்கி, நடுவில் வெட்டிய ரப்பர் குழாயின் இரண்டு துண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் தொங்கின. ஆனால் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பழைய பேப்பரின் மேல் பெரிசு சிறிசு பார்த்து அடுக்கியிருந்த ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், குறடு எதுவும் இல்லை. பேப்பர் மட்டும் காற்றில் ஒரு ஓரமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

ஹைதராபாத் மெட்டுகுடாவில் பட்டப்பகலில் திருட்டா? கேட் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கிறதே?

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே கற்பூர வாசனை.

பிரசன்னா திரும்பி பேட்டரியைப் பார்த்தான். பேட்டரியின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ.

“ஐயய்யோ!” என்று உள்ளே ஓடினான்.

“வாங்க மாப்பிள்ளை! கரெக்டா தீபாராதனைக்கு வந்துட்டீங்க” என்றாள் அவன் மாமியார் மைதிலி. திருச்சியிலிருந்து நவராத்திரிக்காக வந்திருப்பவள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் உஷாவின் லேப்டாப், அரிவாள்மனை, கத்தரிக்கோல். அவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகப் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் அவனுடைய ஸ்பேனர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு.

“அத்தை, இதெல்லாம்...”

“நேத்தே யோசிச்சேன் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை பாக்கற வீட்டுல ஆயுதம்னு எதை வைக்கிறது, கத்தரிக்கோலைத்தான் வைக்கணும்னு. காலைல வாசலுக்கு வந்து பாத்தா, எல்லாத்தையும் கழுவி, தொடச்சு, வரிசையா ரெடி பண்ணி வச்சிருக்கீங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எங்க வீட்டுப் பையனே இப்படிச் செஞ்சது கிடையாது.”

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமியார் அவனை வாயாரப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. பிரசன்னா வாயைத் திறந்தான். மூடினான். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“அத்தை, இதையெல்லாம் எப்ப எடுக்கலாம்?”

“நாளைக்குக் காலைல புனர்பூஜை முடிஞ்சுதான். அதுக்கு முன்னாடி கை வைக்கக் கூடாது.”

“அந்த சின்னது மட்டும்? பத்தாம் நம்பர்?”

“சின்னது பெருசெல்லாம் சாமிக்குக் கிடையாது மாப்பிள்ளை. இந்தாங்க, சுண்டல்.”

சுண்டல் கிண்ணத்தோடு பிரசன்னா வாசல்படியில் உட்கார்ந்து, தன் நிலைமையைக் கணக்குப் போட்டான்.

முதல் சிக்கல், கார் அவனுடையது இல்லை. உஷாவின் அண்ணன் சீனிவாசனுடையது. மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனியில் ராட்சத பம்புகளைக் கட்டி மேய்க்கிறவன். போன வருடம் வேலை கிடைத்துப் போகும்போது, இந்த நீல நிற டர்போ காரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். குழந்தையை விட்டுப் போகிறவன்கூட அவ்வளவு புத்திமதி சொல்லியிருக்க மாட்டான்.

இரண்டாவது சிக்கல், அந்தச் சீனிவாசன் இன்று சாயங்காலம் ஹைதராபாத்தில் இறங்குகிறான். நாளைக் காலை இதே காரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீசைலம் போகிறான்.

மூன்றாவதுதான் நெஞ்சில் தைத்தது. நாலு மாதத்துக்கு முன் வீடியோ காலில் சீனிவாசன் சொன்னான்: “டர்போ எஞ்சின், மாப்ளே. வந்ததும் ஒரு கேட்ச் கேன் மாட்டணும்.”

“நான் மாட்டி வைக்கட்டுமா மச்சான்?”

சீனிவாசன் சிரித்தான். பின்னால் நின்ற அவன் நண்பர்களும் சிரித்தார்கள். “கீபோர்டு வேற, எஞ்சின் வேற, மாப்ளே. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டுடாதீங்க!”

அந்தச் சிரிப்பு பிரசன்னாவின் காதில் நாலு மாதமாகக் குடியிருந்தது.

கேட்ச் கேன் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எஞ்சினும் மூச்சு விடும். அந்த மூச்சில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். அது வெளியே போகாமல் மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போகும்படி ஒரு குழாய் வைத்திருப்பார்கள். நாளாக நாளாக அந்த எண்ணெய் உள்ளே கரியாகப் படியும். குழாயை நடுவில் வெட்டி, ஒரு சின்ன அலுமினிய டப்பாவை இடையில் சேர்த்துவிட்டால், எண்ணெய் டப்பாவில் தங்கும். காற்று மட்டும் உள்ளே போகும். டீ வடிகட்டி மாதிரிதான்.

பிரசன்னா ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தான். டப்பா நேற்றுத்தான் பார்சலில் வந்தது. இன்று லீவு. பேட்டரியைக் கழற்றி இடம் பண்ணி, டப்பாவைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை வெட்டியும் ஆயிற்று. மிச்சமிருந்தது நாலு கிளிப் முடுக்குவதும் பேட்டரியைத் திரும்ப மாட்டுவதும்தான். கருவிகளில் கிரீஸ் பிசுக்கு ஏறியிருந்ததால் ஒரு தடவை கழுவி அடுக்கினான். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து போன். அமெரிக்காவில் ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது.

கேட் திறந்தது. உஷா, போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து ஒரு பூசணிக்காயை இடுப்பிலும் எலுமிச்சம்பழப் பையைக் கையிலும் சுமந்துகொண்டு வந்தாள். திறந்த பானெட்டைப் பார்த்தாள். பொட்டு வைத்த பேட்டரியைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் சத்தமாக, உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி. பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னடா பண்ணித் தொலைச்சே?”

அம்மா எதிரில் ‘என்னங்க’, தனியே இருந்தால் ‘என்னடா’. ஒன்றாகப் படித்த கல்லூரிக் காலத்துப் பழக்கம்.

பிரசன்னா சொன்னான். உஷா பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சிரிக்காத உஷா. உங்கம்மாகிட்ட நீயே சொல்லேன்.”

“நக்கோ! நான் மாட்டேன்பா. உன் பக்தியைப் பத்தி எங்க சித்தி ரெண்டு பேருக்கும் அம்மா இந்நேரம் போன் பண்ணியிருப்பாங்க. போய் வேற ஸ்பேனர் தேடு.”

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லா இருந்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. பிரசன்னா மதில் சுவர்மேல் எட்டிப் பார்த்தான்.

“ஸ்டெல்லா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?”

“நல்ல நாள் பாத்துக் கேட்டீங்க போங்க! என் டூல் பாக்ஸ் ஒர்க்ஷாப்ல மாலை போட்டுக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கு. நான்தான் பொரி கூட வாங்கிட்டுப் போனேன். ஏன், என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. பொரி நல்லா இருந்துச்சா?”

அடுத்து, மெக்கானிக் கவுஸ் பாய்க்குப் போன் போட்டான். பின்னணியில் பறைச்சத்தம் காதைப் பிளந்தது.

“ஆஜ் நக்கோ சாப், இன்னைக்கு வேணாம்!” என்று கத்தினார் கவுஸ் பாய். “பசங்க பானா, ஸ்பேனர் எல்லாத்தையும் தொடச்சு, பூஜைல வெச்சுட்டாங்கோ. நானே தொட்டா நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். ஷட்டர் போட்டாச்சு. நாளன்னைக்கு வாங்கோ!”

ஊரில் உள்ள ஸ்பேனர் எல்லாம் ஒரே நேரத்தில் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன.

“ஆப்ல ஆர்டர் பண்ணுடா. பாலும் தயிரும் மட்டும்தான் வருமா?” என்றாள் உஷா.

பிரசன்னாவுக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. தேடினான். கிடைத்தது. சின்ன டூல் செட், பத்தாம் நம்பர் உட்பட. பட்டனைத் தட்டிவிட்டு, அதற்குள் கை கால் கழுவிக்கொள்ளலாம் என்று பின்பக்கம் போனான். போகக் கூடாது என்று முதல் தடவையே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது டெலிவரி பைக் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலில் வெறும் அட்டைப்பெட்டி. உள்ளே மறுபடியும் மணிச் சத்தம்.

“மாப்பிள்ளை!” மைதிலியின் குரல் தழுதழுத்தது. “புதுசாவே ஒரு செட் வாங்கி வைக்கணும்னு தோணிச்சு பாருங்க உங்களுக்கு! பூஜை முடிஞ்சுருச்சேன்னு கவலைப்படாதீங்க. தனியா ஒரு சூடம் காட்டிட்டேன்.”

உஷா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பிரசன்னா அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு டாக்ஸி வந்து நின்றது. சாயங்காலம் வர வேண்டிய ஆள் மத்தியானமே இறங்கினான்.

“முந்தின ஃப்ளைட்டுல சீட் கிடைச்சுது!” சீனிவாசன் பெட்டியோடு உள்ளே வந்தான். பிரசன்னா கடைசி விநாடியில் பானெட்டைச் சாத்தி, காரின் மேல் உறையை இழுத்துவிட்டிருந்தான். பேட்டரிக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றுகொண்டான்.

“வாங்க மச்சான். ரொம்ப எளைச்சுட்டீங்க.”

“நாலு கிலோ ஏறியிருக்கேன் மாப்ளே. வண்டி எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“அண்ணா, மொதல்ல சாப்பிடு! வடை ஆறிடும்” என்று உஷா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

இலை போட்டாயிற்று. பாயசம் வந்தது. பிரசன்னா மெல்ல மூச்சுவிட்டான். இவன் சாப்பிட்டுப் படுத்தால், அதற்குள் யாரிடமாவது, எங்கேயாவது ஒரு ஸ்பேனர்...

“சீனு, நம்ம மாப்பிள்ளையைப் பாத்துக் கத்துக்கடா” என்றாள் மைதிலி, நெய்யை ஊற்றிக்கொண்டே. “இருக்கற டூல்ஸ் பூரா பளபளன்னு கழுவி சாமிக்கு வச்சிருக்கார். பத்தாதுன்னு புதுசா வேற ஒரு செட்!”

சீனிவாசனின் கை பாயசத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“டூல்ஸா?” என்றான் மெதுவாக. “மாப்ளைக்கு டூல்ஸ் எதுக்கு?”

சீனிவாசன் எழுந்தான். கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு நடந்தான். உறை பறந்தது. பானெட் எழுந்தது.

“பேட்டரி எங்கே?”

பிரசன்னா விரலை நீட்டிக் காட்டினான். செவ்வந்திப்பூ வெயிலில் கொஞ்சம் வாடியிருந்தது.

“யாரு இதையெல்லாம் பிரிச்சது?”

கவுஸ் பாய் மேல் பழியைப் போட்டுவிடலாம். நாக்கு நுனி வரை அந்தப் பொய் வந்தது. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து மைதிலியும் உஷாவும் வந்து நின்றிருந்தார்கள்.

“நான்தான் மச்சான். கேட்ச் கேன் மாட்டினேன். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கணும்னு நெனச்சேன். டூல்ஸைக் கழுவி வச்சேன், பூஜைக்கு இல்ல. அத்தை பூஜைக்குன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மன்னிச்சுக்கோங்க அத்தை. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தப்போ சொல்ல வாய் வரலை.”

மைதிலி வாயில் கை வைத்தாள். “அப்போ... உங்க சித்திங்ககிட்டல்லாம் சொல்லிட்டேனே?”

சீனிவாசன் அவளைக் கவனிக்கவில்லை. எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். டப்பாவை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. தொங்கிய குழாயை எடுத்து, வெட்டிய முனையைக் கட்டைவிரலால் தடவினான்.

“தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“நாளைக்குக் காலைல அம்மாவைக் கூட்டிட்டுக் காட்டு வழியா போகப் போற வண்டி இது. நடுவுல நின்னா? உங்களுக்கு இது வெளையாட்டா?”

“இல்ல மச்சான்.”

“தள்ளுங்க. நானே முடிக்கிறேன். அம்மா, அந்தப் பத்தாம் நம்பரை எடுத்துக் குடு.”

“முடியாது” என்றாள் மைதிலி.

“என்னம்மா?”

“தப்பா எடுத்து வச்சிருக்கலாம். ஆனா வச்சது வச்சதுதான். சூடம் காட்டியாச்சு. காலைல புனர்பூஜை முடியட்டும்.”

“அம்மா, ஒரே ஒரு ஸ்பேனர்...”

“மாப்பிள்ளையும் அதையேதான் கேட்டார். அவருக்குக் குடுக்காததை உனக்கு மட்டும் எப்படிடா குடுப்பேன்?”

மஸ்கட்டில் இருநூறு பேருக்கு உத்தரவு போடுகிற சீனிவாசன் அரை மணி நேரம் பேசிப் பார்த்தான். கெஞ்சினான். ஸ்டெல்லா வீட்டு மதில்மேல் எட்டிப் பார்த்தான். கவுஸ் பாய்க்குப் போன் போட்டான். ஆப்பைத் திறந்தான். மைதிலி கேட் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் ஆப்பை மூடினான். கடைசியில், எஞ்சின் பக்கத்தில் பிரசன்னா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து அவனும் உட்கார்ந்தான்.

“சுண்டல் சாப்பிடறீங்களா மச்சான்?” என்று கேட்டான் பிரசன்னா.

சீனிவாசன் முறைத்தான். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் இன்னொரு பிரச்சினை முளைத்தது. ஆயுதத்துக்குப் பூஜை நடந்தால் வாகனத்துக்கும் நடந்தாக வேண்டும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாக வேண்டும். வண்டியோ பேட்டரி இல்லாமல் கிடக்கிறது.

“தள்ளுங்க” என்றாள் மைதிலி இருவரையும் பார்த்து.

ஸ்டெல்லா வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நியூட்ரல் போட்டாயிற்று. பின்னால் ஒரு பக்கம் சீனிவாசன், இன்னொரு பக்கம் பிரசன்னா. நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

“ஏமைந்தி பிரசன்னாகாரு, பெட்ரோல் லேதா?” என்று எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கேட்டார்.

“பெட்ரோல் இருக்கு அங்கிள், பக்திதான் ஜாஸ்தியாயிடுச்சு!” என்று உஷா தெலுங்கில் பதில் கொடுத்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!” கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. சீனிவாசனின் வேட்டி காலில் சிக்கி, அவன் பிரசன்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். “நாலு கிலோதானா ஏறியிருக்கு?” என்று கேட்டுவிட்டு பிரசன்னா உதட்டைக் கடித்துக்கொண்டான். சீனிவாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவன் தோள்கள் குலுங்குவதை உஷா பார்த்தாள்.

விடிந்தது. புனர்பூஜை முடிந்தது. மைதிலி அட்சதை தூவி, பட்டுத்துணியை விலக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். சீனிவாசன் கையை நீட்டினான். ஸ்பேனர் அவன் கைக்கு வந்தது.

பிரசன்னா சுவரோரம் ஒதுங்கி நின்றான். அவ்வளவுதான். நாலு மாத வீடியோவும் முடிந்தது. இனி மச்சான் முடிப்பான். ஸ்ரீசைலம் போய்வருவான். ஊரிலிருக்கிற எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்லுவான்.

வாசலுக்குப் போன சீனிவாசன் எஞ்சினுக்குள் குனிந்தான். நேற்று மத்தியானம் விரலால் தடவிய அதே குழாய் முனையை மறுபடி தடவினான்.

“பிளேடுல வெட்டினீங்களா?”

“ஆமா. புது பிளேடு. சுத்தி டேப் ஒட்டி, அது மேல வெட்டினேன்.”

“ம். நேரா வந்திருக்கு.” ஸ்பேனரை நீட்டினான். “பிடிங்க. நான் டார்ச் அடிக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா எங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி விடறது உங்க பொறுப்பு.”

பிரசன்னா ஸ்பேனரை வாங்கினான். கிளிப்புகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். பேட்டரியைத் தூக்கி வைத்தான். பொட்டு கலையாமல் பட்டையை மாட்டினான். பிளஸ் முனையை முதலில். மைனஸைக் கடைசியில். டார்ச் வெளிச்சம் அவன் கை போன இடமெல்லாம் கூடவே போனது.

உஷா சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் பிடித்தது. ஒரு விநாடி ஆனந்தம். அடுத்த விநாடி சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மாடிப்படி ஏறி வந்த கிழவர் மாதிரி எஞ்சின் இரைத்தது. எங்கேயோ ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல்.

“ஆஃப் பண்ணு உஷா!” என்று சீனிவாசன் முன்னால் பாய்ந்தான். “இதுக்குத்தான் நான் சொன்னேன்...”

“இருங்க மச்சான்!” பிரசன்னாவின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “உஷா, ஆஃப் பண்ணாத.”

காதைக் குழாயருகே கொண்டுபோனான். விரலை மெதுவாக ஓட்டினான். முதல் கிளிப், இல்லை. இரண்டாவது, இல்லை. டப்பாவுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூன்றாவது. விரல் வைத்து அழுத்தினான். சீறல் நின்றது. எடுத்தான். சீறியது.

“ஸ்க்ரூடிரைவர்” என்று கையை நீட்டினான், திரும்பிப் பார்க்காமல். சீனிவாசன் எடுத்துக் கொடுத்தான்.

ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. எஞ்சின் இரைப்பு அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

சீனிவாசன் டார்ச்சை அணைத்தான். நாலு கிளிப்பையும் ஒருமுறை தானே அசைத்துப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“இந்த டப்பாவை அப்பப்போ கழட்டி, சேர்ந்த எண்ணெயைக் கொட்டணும்” என்றான், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. “அதுக்கெல்லாம் நான் மஸ்கட்ல இருந்து வந்துட்டிருக்க முடியாது மாப்ளே. நீங்கதான் பாத்துக்கணும்.”

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்ற வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்று பிரசன்னாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். வீடியோவில் பத்து தடவை பார்த்திருக்கிறான்.

“எப்பப்போ கொட்டணும் மச்சான்?” என்று கேட்டான்.

சீனிவாசன் பானெட்டுக்குள் குனிந்து, விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தான்.